வெள்ளம் வடிந்த பிறகு குதிரைகளுக்கு என்ன செய்யணும்? (காரைக்குடி – தேவகோட்டை வட்டாரம்)

ஊரணிக்கரை கேட்டது:

காரைக்குடி, புதுவயல், தேவகோட்டை சுற்றுவட்டாரக் கிராமங்களுக்காக நிவாரணப் பட்டியல் ஒன்று தயார் செய்கிறோம். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க் கரை உடைந்தாலோ, 2018 நவம்பரில் கஜா வந்ததுபோல உள்மாவட்டம் வரை காற்று அடித்தாலோ, யாருக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்ற பட்டியல். மாடு, ஆடு, கோழி எல்லாம் எழுதி முடித்தாயிற்று. குதிரை என்று வந்ததும் பேனா நின்றுவிட்டது.

கணக்கில் 11 குதிரைகள் இருக்கின்றன. பெரும்பாலும் எல்கைப் பந்தயத்துக்கு வண்டியில் பூட்டுகிறவை, மீதி கல்யாண ஊர்வலத்துக்குப் போகிறவை. இரண்டைத் தவிர மற்றதெல்லாம் மட்டக்குதிரை. வைத்திருப்பவர்கள் யாரும் வசதியானவர்கள் இல்லை.

மாட்டுத் தீவன மூட்டையும் வைக்கோலும் கொடுக்க ஆள் இருக்கிறது. அதையே குதிரைக்கும் பிரித்துக் கொடுக்கலாமா? கண்மாய்ச் சேற்றில் குதிரை சிக்கினால் எப்படித் தூக்குவது? தண்ணீரில் நின்ற குளம்பையும் தோலையும் என்ன செய்வது? ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் கட்டலாமா? செத்துப்போனால் அரசு ஏதாவது கொடுக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கொள்ளுப்பை:

வைக்கோல் போடுங்க, தவிடு கலந்து கஞ்சி காய்ச்சி ஊத்துங்க. நாலு கால் உள்ளது எல்லாம் ஒண்ணுதான்.

---

பின்கட்டு:

அண்ணே, மன்னிக்கணும், அந்தக் கடைசி வரியால்தான் நிவாரண முகாம்களில் குதிரைகள் சாகின்றன. மாட்டுக்கு நாலு அறை வயிறு. கொஞ்சம் கெட்டதைத் தின்றாலும் அசைபோட்டுச் சமாளிக்கும். குதிரைக்கு இருப்பது ஒரே ஒரு சின்ன வயிறு, வாந்தி எடுக்கவும் வராது. உள்ளே போனது போனதுதான்.

ஊரணிக்கரை தம்பி, தீவன மூட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாரும் யூரியாவுக்குத்தான் பயப்படுவார்கள். யூரியாவைக் குதிரை ஓரளவு தாங்கும். குதிரையைக் கொல்வது மோனென்சின், சாலினோமைசின் மாதிரியான மருந்துகள். கோழிக்கு ரத்தக்கழிச்சல் வராமல் இருக்கக் கோழித் தீவனத்தில் கலப்பார்கள், சில மாட்டுத் தீவனங்களிலும் இருக்கும். மாட்டுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் உயிருக்கு ஆபத்து. குதிரைக்கு 2, 3 மில்லிகிராமே போதும். டன்னுக்கு 100 கிராம் மோனென்சின் கலந்த கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் இருக்கும். 220 கிலோ மட்டக்குதிரை ஒன்று அதில் ஐந்து கிலோ தின்றால் கதை முடிந்தது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. வியர்த்துக் கொட்டும், பின்னங்கால் தள்ளாடும், இதயத் தசை கெடும். பிழைத்துக்கொண்டதும்கூட மாசக்கணக்கு கழித்து வண்டியில் ஓடும்போது சுருண்டு விழலாம். எனவே கோழித் தீவனம் குதிரை இருக்கும் பக்கமே போகக்கூடாது. மாட்டுத் தீவனமும் மூட்டைச் சீட்டில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதவரை வேண்டாம். ஒரே லாரியில் இரண்டையும் ஏற்றினால் கிழிந்த மூட்டையிலிருந்து கலந்துவிடும், அதையும் பாருங்கள்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், சத்துக் குறைவு. வேறு எதுவும் இல்லாத இரண்டு மூன்று நாளைக்குச் சமாளிக்கலாம், கூடவே தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் பெருங்குடலில் அடைத்துச் சூலை, அதாவது கடும் வயிற்றுவலி வரும். நனைந்து பூசணம் பூத்த வைக்கோலை மாடு முகர்ந்துவிட்டாவது தின்னும், குதிரைக்கு அதன் தூசியே நுரையீரலைக் கெடுக்கும். பிரித்துப் பார்க்கும்போது வெள்ளைத் தூள் பறந்தால் எருக்குழிக்குத்தான். பூசணம் பிடித்த மக்காச்சோளம் இன்னும் மோசம், குதிரையின் மூளையையே அரித்துவிடும். அதைக் காயவைத்தோ வறுத்தோ சரி செய்ய முடியாது.

என்ன போடலாம் என்றால், வரப்பு அருகம்புல்லுக்கு ஈடு இல்லை. தண்ணீரில் மூழ்கி எழுந்த புல்லாக இருந்தால் சேறு போக அலசிவிட்டுப் போடுங்கள், மண் வயிற்றில் தங்கும். காய்ந்த கடலைக்கொடி நல்லது, மண்ணை உதறிவிட வேண்டும். பெயரிலேயே குதிரை இருக்கிற குதிரை மசால் (லூசர்ன் என்ற தீவனப் பயிர்) கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோ-4 மாதிரியான கம்பு நேப்பியர் புல் ஒரு மாசம் போட்டால் தப்பில்லை. வருஷக்கணக்கில் அதுவே தீவனமானால் அதிலுள்ள ஆக்சலேட் உப்பு சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், முகத்து எலும்பு வீங்கும்.

அளவு: உலர்ந்த எடையில் உடல் எடையின் 2 சதவீதம். 220 கிலோ மட்டத்துக்கு நாளைக்கு நாலரைக் கிலோ காய்ந்த தீவனம், பச்சைப்புல் என்றால் 18 முதல் 20 கிலோ. உங்கள் 11 குதிரைக்கும் 14 நாளைக்கு 700 கிலோ காய்ந்த தீவனம் என்று கணக்கு வையுங்கள். இரண்டு பெரிய குதிரை இருப்பதால் 100 கிலோ கூடுதலாகவே வாங்குங்கள்.

எடை தெரியாவிட்டால் தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்டத்து முனை வரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுங்கள். சுற்றளவு 140, நீளம் 130 என்றால் சுமார் 214 கிலோ. மருந்து அளவுக்கும் இதுதான் ஆதாரம். கண்மதிப்பில் சொன்னால் மட்டக்குதிரைக்குப் பெரிய குதிரையின் மருந்து போய்விடும்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியமே. தீவில் மாட்டியதுபோலப் பத்து, பதினைந்து நாள் பட்டினி கிடந்து எலும்பு தெரியும் குதிரையைப் பார்த்ததும் பாவமாக இருக்கும், ஒரு படி கொள்ளை அவித்து வைக்கத் தோன்றும். வைத்தால் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் செத்துப்போகும். மாவுச்சத்து ரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் சுரக்கும், ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியத்தை அது செல்களுக்குள் இழுத்துவிடும், இதயமும் மூச்சும் நின்றுவிடும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பட்டினிக் குதிரைகளை வைத்துச் சோதித்துப் பார்த்து, குதிரை மசால்தான் பத்திரம் என்று கண்டார்கள். 450 கிலோ குதிரைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை அரைக் கிலோ, முதல் மூன்று நாள். நம் மட்டத்துக்கு அதில் பாதி, ஒரு நேரத்துக்குக் கால் கிலோ. நாலாம் நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வேளையைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். கொள்ளு, தவிடு, கஞ்சி, வெல்லம் எல்லாம் பத்து நாள் கழித்துத்தான். இரவிலும் நாலு மணிக்கொரு முறை போட ஆள் வேண்டும். பட்டியலில் தீவனத்தோடு அந்த ஆளையும் சேருங்கள்.

---

கொள்ளுப்பை:

சரிதான். கோழித் தீவன விஷயம் தெரியாது. என் பதிலை அழிக்க வழியில்லை, யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம்.

---

சேந்துகிணறு:

தண்ணீர், சேறு இரண்டையும் நான் சொல்கிறேன்.

மட்டக்குதிரைக்கு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர், பெரிய குதிரைக்கு 25 முதல் 45 லிட்டர். வெயில் நாளில் இன்னும் கூடும். வெள்ளம் புகுந்த கிணற்றுத் தண்ணீரை அப்படியே வைக்காதீர்கள். கிணற்றின் விட்டம் மீட்டரில், அதை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீர் ஆழத்தால் பெருக்கி, 785 ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 3 மீட்டர் விட்டம், 4 மீட்டர் ஆழம் என்றால் 28,260 லிட்டர். கலங்கல் தெளிந்த பிறகு 1,000 லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது இந்தக் கிணற்றுக்கு 140 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் விடணும். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் குளோரின் பறந்திருக்கும், மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு.

குளோரின் வாடை அடித்தால் குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தொட்டியில் இரவெல்லாம் திறந்து வைத்தால் வாடை போகும். உப்புத் தண்ணீர் ஒரு வாளி வைப்பதென்றால் பக்கத்தில் சாதாத் தண்ணீர் ஒரு வாளி கட்டாயம் இருக்கணும். உப்புத் தண்ணீர் மட்டும் வைத்து வாயைக் கட்டியதுபோல் செய்யக்கூடாது.

அடுத்து சேறு. நம் பக்கக் கண்மாய்களில் உள்வாயில் வண்டல் இடுப்பளவு இருக்கும். குதிரை இறங்கினால் நாலு காலும் புதைந்து நிற்கும். அப்போது எல்லாரும் செய்வது, கழுத்தில் கயிறு போட்டு டிராக்டரில் இழுப்பது. கழுத்து எலும்பு விலகிவிடும். காலைக் கட்டி இழுத்தால் மூட்டு கழலும், வாலை இழுத்தால் வால் பிடுங்கிக்கொண்டு வரும். காலைச் சுற்றிச் சேறு காற்றுப் புகாமல் உறிஞ்சிப் பிடித்திருக்கிறது, அந்தப் பிடி விடாதவரை எவ்வளவு பேர் இழுத்தும் பயனில்லை. அரை அங்குலக் குழாய் ஒன்றைக் காலை ஒட்டிச் சேற்றுக்குள் இறக்கி, மோட்டார் தண்ணீரோ பஞ்சர் கடைக் கம்ப்ரஷர் காற்றோ விட்டால் பிடி தளரும். ஒவ்வொரு காலாக. பிறகு 10 சென்டிமீட்டர் அகலப் பட்டை, பழைய தீயணைப்புக் குழாய் என்றால் மிகப் பொருத்தம், முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிப் போட்டு, மேடான பக்கம் பார்த்து மெதுவாக இழுக்கணும். மேலே தூக்கக்கூடாது, கிடையாகச் சறுக்கி வரணும். ஜே.சி.பி. வாளியில் நைலான் கயிறு கட்டித் தூக்கினால் விலா எலும்பில் அறுத்துவிடும்.

ஆட்கள் முதுகுப் பக்கம் நிற்கட்டும். கால் பக்கமும் தலைக்கு நேர் எதிரிலும் வேண்டாம். பிடி தளர்ந்த நொடியில் குதிரை பாய்ந்து எழும். கண்ணைத் துணியால் மூடி, ஒரே ஆள் மட்டும் பேச வேண்டும். கூட்டம் கைதட்டி ஊக்கப்படுத்துவது மஞ்சுவிரட்டுக்குச் சரி. தீயணைப்புக்கு 101, கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. இழுக்க ஆரம்பிக்கும் முன்னாலேயே இரண்டையும் கூப்பிட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும் சாக்கை வைத்துத் தேய்த்து உலர்த்துங்கள். நீந்தி வந்த குதிரையாக இருந்தால் ஏழு நாள் காலை, மாலை உடல் சூடு பார்க்கணும். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சரி. அதற்கு மேல் போய், மூச்சில் அழுகல் வாடை அடித்தால் நுரையீரலில் தண்ணீர் போயிருக்கிறது, காத்திருக்கக் கூடாது. ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. அறுபதைத் தாண்டி நிற்கிறதென்றால் எங்கேயோ கடுமையான வலி.

---

லாடம்68:

குளம்புக்கு வருவோம். அய்யனார் கோயில் மண்குதிரை மட்டும்தான் மழை முழுக்க நின்றாலும் குளம்பு அழுகாமல் நிற்கும்.

இரண்டு மூன்று நாள் தண்ணீரில் நின்ற குளம்பு ஊறின தோல் மாதிரி மெத்தென்று ஆகும். ஆணி பிடிப்பு விடும், லாடம் பாதி கழன்று தொங்கும். அப்படித் தொங்கும் லாடம் இல்லாத லாடத்தைவிட மோசம், தானே மிதித்து அதன் ஆணியிலேயே குத்திக்கொள்ளும். கழற்றிவிடுங்கள். ஆனால் அன்றைக்கே சீவி, புது லாடம் அடிக்காதீர்கள். ஊறின குளம்பில் கத்தி வெண்ணெயில் போவதுபோல் போகும், அளவு தெரியாமல் உயிர்ப்பகுதி வரை சீவிவிடுவோம். உலர்ந்த தரையில் மூன்று நாள் நிற்கட்டும், கெட்டிப்பட்ட பிறகு பார்க்கலாம்.

அடியில் நடுவே முக்கோணமாக மெத்தென்ற பகுதி இருக்கிறதே, அதன் இரு பக்கப் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது. கொக்கியால் சேற்றை எடுத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பொவிடோன் அயோடின் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு கலந்து ஊற்றி, பஞ்சு வைத்து ஒற்றி உலர்த்தணும். தினம் ஒருமுறை. மருந்தைவிட உலர்ந்த தரை முக்கியம். மயில்துத்தத்தைப் பொடியாகத் திணிக்கும் பழக்கம் இருக்கிறது, புண் திறந்திருந்தால் நல்ல சதையையும் சேர்த்து எரித்துவிடும்.

புயலுக்குப் பிறகு தகரக் கொட்டகை பறந்து ஊரெல்லாம் ஆணியும் தகரத் துண்டும் கிடக்கும். போதாததற்கு நம் ஊர் சீமைக்கருவேல முள். அடிப்பாதத்தில் ஆணி ஏறியிருந்தால் உடனே பிடுங்கத்தான் கை வரும். பிடுங்கினால் ஓட்டை மூடிக்கொள்ளும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்று டாக்டருக்குத் தெரியாது. மருத்துவர் ஒரு மணி நேரத்தில் வருவாரென்றால் ஆணிக்கு இரு பக்கமும் மரக்கட்டை வைத்துக் கட்டி, மேலும் ஏறாமல் பாருங்கள். வர நேரமாகும் என்றால் போட்டோ எடுத்து, பிடுங்கிய ஆணியையும் பத்திரப்படுத்துங்கள். எவ்வளவு நீளம் உள்ளே போனது என்று மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள்.

ரணஜன்னி (டெட்டனஸ்) குதிரைக்கு வருவதுபோல் வேறு எந்தக் கால்நடைக்கும் எளிதில் வராது. தடுப்பூசி போடாத குதிரைக்குக் காயம் பட்டால் 1,500 யூனிட் ஆன்டிடாக்சின் (நஞ்சுமுறி ஊசி) ஒரு பக்கம், டாக்சாய்டு (தடுப்பூசி) வேறு பக்கம், நாலு வாரம் கழித்து டாக்சாய்டு இன்னொன்று. மருத்துவர் போடட்டும். ஆன்டிடாக்சினைக் குளிர்சாதனத்தில் வைக்கணும், கரண்ட் இல்லாத ஊரில் அதுதான் சிக்கல். ஐஸ் பெட்டி பட்டியலில் இருக்கட்டும். காயம் பட்டு ஒன்று முதல் மூன்று வாரத்தில் கண்ணோரச் சவ்வு பாதிக் கண்ணை மூடுவது, காலை அகட்டி மரக்குதிரை மாதிரி நிற்பது, வாலைத் தூக்கியே வைத்திருப்பது, இதெல்லாம் தெரிந்தால் இருட்டான, சத்தம் இல்லாத இடத்தில் கட்டிவிட்டு ஓடிப்போய் மருத்துவரைக் கூட்டி வாருங்கள்.

தோலில் முதுகு, பிட்டம் பக்கம் முடி கொத்துக் கொத்தாக ஒட்டி, பிய்த்தால் பெயிண்ட் பிரஷ் மாதிரி பொருக்கோடு வரும். மழையில் நனைந்துகொண்டே இருந்தால் வரும் நோய். குளோர்ஹெக்சிடின் கலந்த சோப்பு நீரைப் பத்து நிமிடம் ஊறவிட்டு அலசி, முழுக்க உலர்த்தணும். இதற்கு வேப்பெண்ணெய் தடவுகிறார்கள். உலர்ந்த தோலில் தடவினால் ஈ அண்டாது, அது உண்மை. ஈரத்தின் மேல் எண்ணெய் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்ட மாதிரி. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனிப் பிரஷ், தனி வாளி.

---

ஊரணிக்கரை:

ரொம்ப நன்றி அண்ணே. கட்டும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லையே? கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் மேடான அடித்தளத்தோடு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரிமையாளர்களிடம் அனுமதி வாங்க முடியும்.

---

பின்கட்டு:

வீட்டுக்குள் ஏற்றும் முன்னால் தரையைப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த வளவிலும் பளிங்குத் தரையிலும் ஈரக்கால் லாடத்தோடு குதிரை ஏறினால் நாலு காலும் நாலு திசைக்குப் போகும், இடுப்பெலும்பு உடைந்தால் திரும்ப எழாது. ஆச்சிமார் தரையைப் பற்றிக் கவலைப்படுவார்கள், நீங்கள் குதிரையைப் பற்றிக் கவலைப்படுங்கள், இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: உள்கட்டு வேண்டாம். பின்கட்டுக்கு வெளியே மண் முற்றம், மாட்டுக் கொட்டகை, வண்டி நிறுத்தும் இடம் இருந்தால் அங்கே. வேறு வழியே இல்லையென்றால் நாலு அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் தென்னை நார் விரிப்பு. வாசற்படியில் ஏற்ற மணல் மூட்டையால் சரிவு.

வீடே தேவையில்லை என்பதுதான் என் கருத்து. நம் பக்கம் செம்மண் சரளை மேடுகள் நிறைய. மழை நின்ற அரை மணியில் தண்ணீர் வடிந்துவிடும். அப்படி ஒரு பொட்டலை முன்கூட்டியே பார்த்து வைத்து, மேலே மரக்கிளையும் மின்கம்பியும் இல்லாமல் தார்ப்பாய்ப் பந்தல் போட்டால் போதும். மழையைவிடத் தலைக்கு மேல் தகரம் ஆபத்து. புயல் எச்சரிக்கை வந்த இரவில் குதிரையைக் கட்டுத்தறியில் கட்டியே வைக்காதீர்கள், தண்ணீர் ஏறினால் கட்டின இடத்திலேயே மூழ்கும். வேலி போட்ட மேட்டில் அவிழ்த்துவிடுங்கள். கட்டத்தான் வேண்டுமென்றால் பருத்திக் கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு. ஈர நைலான் கயிறு குதிகாலை எரித்து எலும்பைக் காட்டிவிடும்.

கூடவே அடையாளம். இரண்டு பக்கமும் முகமும் தெரிய மழைக்கு முன்பே போட்டோ எடுத்து, உரிமையாளர் போனில் மட்டும் இல்லாமல் உங்கள் குழுவிடமும் இருக்கட்டும். பிடரி மயிரில் பிளாஸ்டிக் அட்டை பின்னி அதில் போன் எண் எழுதலாம். கழுத்தில் கயிறு கட்டி எழுதினால் முள்ளில் மாட்டிக்கொள்ளும்.

பந்தலைச் சுற்றி என்ன செடி நிற்கிறது என்றும் பாருங்கள். வெள்ளத்தில் புல்லெல்லாம் அழுகிப்போய்ப் பச்சையாக நிற்பது கண்மாய்க் கரை நெய்வேலிக் காட்டாமணக்கு மட்டும்தான். பசித்த குதிரை அதைத் தின்னும், விஷம். அரளி அதைவிடக் கொடியது. முப்பது நாற்பது இலை ஒரு குதிரைக்குப் போதும், காய்ந்தாலும் விஷம் போகாது. புயலில் முறிந்த அரளிக் கிளையைத் தீவனக் கட்டோடு சேர்த்து அள்ளி வருவதும், கோயிலில் கழித்த அரளி மாலையைக் குப்பையில் போடுவதும் நடக்கும். ஆமணக்கு விதையும் அப்படியே. சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருக்கும், கொஞ்சம் தின்றால் ஒன்றுமில்லை, கூடைக்கணக்கில் தின்றால் குடலை அடைக்கும்.

சூலை வந்தால் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பறிக்கும், புரளும், லத்தி வராது. தீவனத்தை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் மெல்ல நடக்க வையுங்கள். அதற்கு மேல் மணிக்கணக்கில் நடத்தினால் களைப்புதான் மிச்சம். மூங்கில் குழாயில் நல்லெண்ணெய் ஊற்றுவது, சோடா ஊற்றுவது இரண்டும் வேண்டாம். வாயில் ஊற்றும் எண்ணெய் பாதி நுரையீரலுக்குப் போகும். திரவ பாரஃபினை மருத்துவர் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுத்தான் விடுவார். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். கால்நடைகளுக்கு அது 2006லேயே தடை செய்யப்பட்டது. தண்ணீர் வற்றிய உடம்பில் எந்த வலி ஊசியும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், முதலில் தண்ணீர். அறுவை சிகிச்சை வரை போகும் கேஸ் என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஏற்றிச் செல்ல வண்டியை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஆறாவதுமைல்:

இழப்பீட்டுக்கு நான்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 காலத்து விதிமுறையில் குதிரை இருக்கிறது. ஒட்டகம், குதிரை, காளை முதலிய உழைக்கும் விலங்குக்கு 32,000 ரூபாய். கன்று, கழுதை, மட்டக்குதிரை, கோவேறு கழுதைக்கு 20,000. ஒரு குடும்பத்துக்குப் பெரியது மூன்று, அல்லது சிறியது ஆறு வரைதான். ஒவ்வொரு பேரிடருக்கும் மாநில அரசு தனியாக ஆணை போடும், கடைசியில் அந்த ஆணையில் இருப்பதே செல்லும்.

இதில் சறுக்கும் இடம் இரண்டு. முதலாவது, சான்றிதழில் 'குதிரை' என்று எழுதுவதா 'மட்டக்குதிரை' என்று எழுதுவதா என்பதில் 12,000 ரூபாய் வித்தியாசம். உயரத்தையும் வயதையும் மருத்துவர் அளந்து எழுதட்டும், பொய்யாகக் கூட்டி எழுதச் சொன்னால் மொத்த மனுவும் விழும். இரண்டாவது, சம்பாதித்துக் கொடுக்கும் விலங்காக இருக்க வேண்டும். பந்தயத்தில் ஓடுகிறது என்று மட்டும் எழுதினால் பொழுதுபோக்கு என்று தள்ள வாய்ப்பு உண்டு. ஊர்வல வாடகை ரசீது, வண்டியோடு நிற்கும் போட்டோ, லாடம், தீவனம் வாங்கிய சீட்டு எது இருந்தாலும் சேர்த்து வையுங்கள்.

செத்த குதிரையைப் புதைக்கும் முன்னால் கிராம நிர்வாக அலுவலருக்கும் கால்நடை உதவி மருத்துவருக்கும் சொல்லுங்கள். உரிமையாளர், குதிரை, பின்னணியில் இடம் தெரிய நாலு பக்கமும் போட்டோ. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகல் மூன்றும் வெள்ளத்தில் போய்விடும், அதனால் நகல்களை உங்கள் குழு முன்கூட்டியே வாங்கி வைப்பது பெரிய உதவி. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

காப்பீடும் உண்டு. தேசியக் கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் குதிரை, மட்டக்குதிரை, கழுதை எல்லாம் வரும். 2024ல் திருத்திய பிறகு பிரீமியத்தில் 15 சதவீதம் மட்டும் உரிமையாளர் கட்ட வேண்டும். ஐப்பசி பிறக்கும் முன்பே போட வேண்டும், வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட பிறகு ஓடினால் ஆகாது.

---

சேந்துகிணறு:

புதைப்பது பற்றி ஒன்று சேர்க்கிறேன். திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுப்பு ரத்தம் வந்திருந்தால் தொடாதீர்கள். அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். அறுத்துப் பார்த்தால் கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி மண்ணில் பல வருஷம் கிடக்கும். வெள்ளம் பழைய புதைகுழியைக் கிளறிவிட்டால் மேலே வருவதும் அதுதான். மற்றபடி பெரிய குதிரைக்கு இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம், உடம்பின் மேல் குறைந்தது ஒரு மீட்டர் மண். சுண்ணாம்பு தூவுங்கள். கண்மாய் உள்வாய், வரத்துக்கால், ஊரணிப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

---

பின்கட்டு:

தண்ணீர் வடிந்து எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு வருவதையும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. மூன்று நாலு வாரம் கழித்துக் காய்ச்சல் விட்டு விட்டு வருவது, வயிற்றுக்கு அடியிலும் காலிலும் நீர் கோர்ப்பது, நன்றாகத் தின்றும் மெலிவது என்றால் சர்ரா. மழைக்குப் பிறகு பெருகும் பெரிய கடி ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி. காய்ச்சல் அடிக்கும் நேரத்திலேயே ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்கணும், காய்ச்சல் இறங்கிய பிறகு எடுத்தால் ஒன்றும் தெரியாது. மருந்து குவினாபிரமின், எடை பார்த்து மருத்துவர் போடுவார். ஒரு கண் மட்டும் கலங்கி நீர் வடிந்தால் எலிக்காய்ச்சல் கிருமியின் பின்விளைவாக இருக்கலாம், விட்டால் பார்வை போகும். அதே கிருமி லாயம் கழுவும் ஆளுக்கும் வரும், முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

மூக்கில் கெட்டியான மஞ்சள் சளி, உள்ளே புண், காலில் வரிசையாகக் கட்டி உடைவது தெரிந்தால் கிளாண்டர்ஸ் சந்தேகம். மனிதருக்கும் தொற்றும். குதிரையைத் தனியே நிறுத்தி, கால்நடைத் துறைக்கு உடனே தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். பல ஊர்க் குதிரைகளை ஒரே பந்தலில் கட்டினாலும் தண்ணீர்த் தொட்டி பொதுவாக இருக்கக்கூடாது என்று சொல்வது இதற்காகத்தான்.

---

ஊரணிக்கரை:

எல்லாம் எழுதிக்கொண்டேன் ஐயா. கடைசியாக ஒன்று. சேணமும் வாரும் நனைந்து பூசணம் பூத்தால் தூக்கிப் போட வேண்டியதுதானா? புதுசு வாங்க அவர்களிடம் காசு இருக்காது.

---

லாடம்68:

போடாதே தம்பி. சேற்றைத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காற்றாட ரெண்டு மூணு நாள் தொங்கவிடச் சொல். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். இன்னும் லேசான ஈரம் இருக்கும்போதே விளக்கெண்ணெயை மெல்லிசாகத் தடவி, மறுநாள் ஒருமுறை. தையல் நூலை நகத்தால் இழுத்துப் பார்க்கணும், இற்றிருந்தால் தைக்கக் கொடுக்கணும். கொக்கி, வளையம் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் மாட்டணும், அந்தச் சொரசொரப்பு ஒரே நாளில் தோளை உரித்துவிடும். வண்டி அச்சில் பேரிங்கைக் கழற்றி, டீசலில் கழுவி, புது கிரீஸ் வைக்கணும், சேற்றோடு ஓட்டினால் சக்கரம் இறுகிக் குதிரைதான் இழுபடும். குளம்பு கெட்டிப்பட்டு, தோள் தோல் முழுக்க ஆறி, லாடம் அடித்த பிறகு காலி வண்டியில் நாலு நாள் நடக்க விடச் சொல். எல்கைப் பந்தயத் தேதி எங்கேயும் போகாது.